பதினேழு குதிரைவலு

சனிக்கிழமை காலையில் தங்கள் கராஜின் முகப்பில் கொக்குவில் கராஜ்காரன் றோயின் பெயர்ப்பலகை ஏறப்போகிறது என்பதைப் பாயிஸ் தன் மனைவியிடம் திங்கட்கிழமை பின்னேரம்தான் சொன்னான். அவள் கை பிடித்துவிடும் நேரமாகப் பார்த்துச் சொன்னான். அந்த நேரத்தில் அவனுடைய வலது கை றிஸ்னாவின் மடியில் இருக்கும். அவள் ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டிக்கொண்டிருப்பாள். பாதியில் விட்டுவிட்டு எழுந்து போக மாட்டாள் என்பது அவனுக்குத் தெரியும்.

அவள் எழுந்து போகவில்லை. மோதிர விரலை மடக்கியபடியே கேட்டாள்.

"ஆரைக் கேட்டு ஓம் எண்டனீங்கள்?"

"இதிலை கேட்க என்ன கிடக்கு? மேலை அவன்ரை பேர், கீழை எங்கடை பேர். கிழமைக்கு மூண்டு நாள் லப்டொப்போடை வருவான். பெடியள் கார் கொண்டருவாங்கள். கராஜ் நிரம்பும்."

"லப்டொப் எங்களிட்டையும் கிடக்கு."

"உன்ரை லப்டொப் பிழை கண்டுபிடிக்கிற லப்டொப். அவன்ரை குதிரை ஏத்துற லப்டொப். ஆ, மெல்ல, நோகுது."

"நோகத்தான் வேணும். நோகாத விரலை வைச்சு என்ன செய்யிறது?"

அன்று அவள் சின்ன விரலைக் கொஞ்சம் கூடுதலாகவே மடக்கினாள். வேண்டுமென்று செய்ததா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வாள்.

றிஸ்னாவுக்கு முப்பத்தொன்பது வயது. தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில், யாழ்ப்பாண முஸ்லிம்கள் எல்லோரும் இரண்டு மணி நேரத்தில் வெளியேற வேண்டும் என்று இயக்கம் அறிவித்தபோது அவளுக்கு நாலு வயது. அவளுடைய வாப்பா சுஹைர் சோனகதெருவில் லொறி திருத்திக்கொண்டிருந்தவர். அவருடைய வேலைச் சாமான் பெட்டியைக்கூடக் கொண்டுபோக விடவில்லை. புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் வளர்ந்த றிஸ்னா, பதினாறு வயதில் ஒரு வானொலிக் கடையில் ஈயம் உருக்கி ஒட்டப் பழகினாள். பிறகு கைத்தொலைபேசி, பிறகு கார் வானொலி. பாயிஸைக் கட்டி, இரண்டாயிரத்துப் பதினொன்றில் இருவருமாக யாழ்ப்பாணம் திரும்பி, தகரக் கூரை போட்டுக் கராஜைத் தொடங்கினார்கள்.

ஏழு வருடங்களுக்கு முன் ஒரு வானின் கியர்ப்பெட்டி இறக்கும்போது நழுவிப் பாயிஸின் வலது கையில் விழுந்தது. மூன்று விரல்கள் இனி முழுதாக மடங்காது என்று வைத்தியர் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள் றிஸ்னா கராஜைத் திறந்தாள். வேறு வழி இருக்கவில்லை. இப்போதைய வாகனங்களுக்கு ஸ்பனருக்கு முதல் கம்பியூட்டர்தான் வேண்டும் என்பதைக் கண்டுகொண்டு, ஸ்கானரும் பழைய லப்டொப்பும் வாங்கினாள். இராப்பகலாகப் படித்தாள். பாயிஸ் காதால் கேட்டுச் சொல்வான், அவள் திரையில் பார்த்துச் சொல்வாள். இரண்டு வேலையாட்கள் கழற்றிப் பூட்டுவார்கள். "ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ?" என்று வாசலில் நின்று கேட்பவர்களுக்கு அவள் சொல்லும் பதில் ஒன்றுதான். "இருக்கினம். அவையும் என்னட்டைத்தான் கேட்டுச் செய்யினம்."

எந்தக் கார் வந்தாலும் முதல் வேலையாக அதன் கம்பியூட்டரில் இருக்கும் கோப்பைப் பிரதி எடுத்து வைப்பாள். எவ்வளவு பெற்றோல் விடுவது, எந்த நேரத்தில் பொறி போடுவது என்று எஞ்சினுக்குச் சொல்வது அந்தக் கோப்புத்தான். ஏதும் பிழைத்தால் திரும்பப் போட வேண்டும் அல்லவா? ஒரு நாளும் அவள் இதை விட்டதில்லை.

ஒரு மாதத்துக்கு முன் உடுப்பிட்டியிலிருந்து அனோஜன் வந்தபோதும் அப்படித்தான் முதலில் பிரதி எடுத்தாள். அவனுக்கு இருபத்தாறு வயது. கார் அவனைவிட நாலு வயது இளையது. யப்பானில் செய்தது. சிவப்பு, இரண்டு கதவு, தரையோடு தரையாகப் படுத்திருக்கும். பின்னால் மோட்டார் சைக்கிள்களில் அவனுடைய கூட்டாளிகள் ஐந்து பேர்.

"அக்கா, கம்பியூட்டரை மாத்திக் குதிரை ஏத்தித் தாங்கோ."

"எத்தினை குதிரை வேணும்?"

"ஒரு இருபது எண்டாலும்."

"உதுக்கு வராது தம்பி."

"ஏன் வராது? யூரியூப்பிலை நாப்பது ஏத்துறாங்கள்."

"அவங்கடை எஞ்சினிலை டர்போ இருக்கும். டர்போ எண்டால் காத்தை அடிச்சு உள்ளை தள்ளுற சாமான். இன்னும் கொஞ்சம் தள்ளு எண்டு கம்பியூட்டரிலை எழுதினால் தள்ளும், குதிரை கூடும். உம்மடை எஞ்சினுக்குத் தள்ள ஆளில்லை. தான் இழுக்கிற காத்துத்தான். அதுக்கு அளவான பெற்றோலையும் பொறியையும் யப்பான்காரன் முதலே எழுதி வைச்சிட்டான். நான் என்னத்தை எழுதினாலும் அது கூடக் காத்து இழுக்காது."

"சைலன்சர் மாத்தினனான் அக்கா."

"பின்னுக்குக் கிடக்கிற குழாயை மட்டும் மாத்தினனீர். அது சத்தத்துக்கு. எஞ்சின் மூச்சு விடுற வழி முழுக்க மாத்தி, உள்ளை காம் தண்டும் மாத்திக்கொண்டு வாரும். பிறகு கம்பியூட்டரைப் பற்றிக் கதைப்பம். அப்ப அது கட்டாயம் வேணும். இப்ப போய் ரயரை மாத்தும். மொட்டையாக் கிடக்கு."

"டேய் அனோ, அக்கா உன்னை மொட்டையாம்" என்றான் ஒருத்தன். எல்லோரும் சிரித்தார்கள். அனோஜன் சிரிக்கவில்லை.

"கொஞ்சமும் வராதோ?"

"ஒண்டும் வராது."

அந்த வார்த்தையை அவள் உரக்கத்தான் சொன்னாள். பக்கத்தில் வான் கழுவிக்கொண்டிருந்தவனுக்கும் கேட்டது.

அனோஜன் நேரே கொக்குவிலுக்குப் போனான். அங்கே கண்ணாடிக் கதவு போட்ட கராஜில் றோய் இருந்தான். கொழும்பில் தொழில் பழகி வந்தவன், வாய் நல்ல வாய். ஒரே நாளில் கோப்பை மாற்றிக் கொடுத்தான். காரை வல்லை வெளியின் நேர்த் தெருவுக்குக் கொண்டுபோய் ஓடி அளந்து, முதல் நூற்றைம்பத்தெட்டு, பிறகு நூற்றெழுபத்தைந்து என்று கோடு கீறிய படமும் கொடுத்தான். பதினேழு குதிரைவலு. அனோஜன் அந்தப் படத்தை முகநூலில் போட்டு, "ஒண்டும் வராது எண்ட கராஜ் அக்காவுக்குச் சமர்ப்பணம்" என்று மேலே எழுதினான். கீழே ஊர் முழுக்கக் கூடிவிட்டது. "அக்காவைக் கறி காய்ச்சச் சொல்லு" என்றான் ஒருத்தன். "அக்கா புரியாணியிலை கெட்டிக்காரி, எஞ்சினிலை இல்லை" என்றான் இன்னொருத்தன். அதற்கு நூற்றுக்கு மேல் சிரிப்பு.

றிஸ்னா எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் வாசித்தாள். புரியாணி என்று எழுதியவனின் பெயரையும் பார்த்து வைத்தாள். அவனுடைய மோட்டார் சைக்கிளின் மின்சுற்றைப் போன வருடம் அவள்தான் சரிசெய்து கொடுத்தவள்.

அதன்பிறகு வழமையாக வரும் மூன்று கார்கள் வரவில்லை. பாயிஸ் பேசாமல் திரிந்தான். பிறகு றோயே ஒரு நாள் வந்து, "பாயிஸ் அண்ணை, உங்கடை காதும் என்ரை லப்டொப்பும் சேர்ந்தால் யாழ்ப்பாணத்திலை எங்களை அடிக்க ஆள் இல்லை" என்று தேன் பூசிவிட்டுப் போனான். அந்தப் பேச்சில் றிஸ்னாவின் பெயர் எந்த இடத்திலும் வரவில்லை. அதற்குத்தான் பாயிஸ் ஓம் என்றிருக்கிறான். பலகை ஏறினால், அவள் சொன்னது பொய், றோய் சொன்னதுதான் மெய் என்று அவளுடைய சொந்தக் கராஜே ஊருக்குச் சொன்ன மாதிரி. திங்கள் இரவும் செவ்வாய் முழுதும் அவள் கணவனோடு வேலைக்குத் தேவையான சொற்களை மட்டும் பேசினாள்.

புதன்கிழமை மத்தியானம் கரவெட்டியிலிருந்து அருமைநாயகி தொலைபேசி எடுத்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் அவளுடைய வான் நின்றுவிட்டது. றிஸ்னா ஸ்கானரைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் புறப்பட்டாள்.

கரவெட்டிக்குப் போக வல்லை வெளியைத் தாண்ட வேண்டும். இரண்டு பக்கமும் உவர் நிலமும் தண்ணீரும், மறைப்புக்கு ஒரு மரமில்லை, நேர் கோடாகத் தெரு. வெளியின் தொடக்கத்தில் தெருவோரமாக ஒரு சிறு கோயில் உண்டு. அந்த வழியால் போகும் வாகனம் எதுவும் அதில் ஒரு கணம் நிற்காமல் போகாது. பஸ்காரன் நிற்பான், லொறிக்காரன் நிற்பான். சில்லறை போட்டு, வீபூதி பூசிக்கொண்டு எடுப்பார்கள். வேதக்காரப் பெடியன்களும், அதாவது கிறிஸ்தவர்களும், நிற்பார்கள், வீட்டில் சொல்ல மாட்டார்கள். றிஸ்னா நிற்பதில்லை. வேகத்தைக் குறைத்து, மரியாதையாகக் கடந்து போவாள். அன்றும் அப்படித்தான் போனாள். தாண்டியதும் ஸ்கூட்டி அறுபத்தைந்தில் பறந்தது.

அருமைநாயகியின் வானில் பிழை பெரிதில்லை. ஒரு வயர் அறுந்திருந்தது. ஒட்டிவிட்டு, தேத்தண்ணி குடித்து, நாலரை மணிக்குத் திரும்பினாள். வல்லைப் பாலத்தைத் தாண்டியதும் சோழகக் காற்று முகத்தில் அறைந்தது. தலைமுக்காடு பின்னால் இழுத்தது. பை தோளை முறுக்கியது. வேகக் கைப்பிடியை முழுதாகத் திருகிப் பிடித்தும் ஸ்கூட்டி நாற்பத்திரண்டுக்கு மேல் போக மாட்டேன் என்றது.

"உனக்கும் நான் பொம்பிளை எண்டு தெரிஞ்சுபோச்சோ?" என்று ஸ்கூட்டியைப் பார்த்துக் கத்தினாள். கத்தியதும் மணல் வாய்க்குள் போனது. காறித் துப்பினாள். அந்த இரண்டு நாள் கோபமும் அந்தத் தெருவில்தான் வெளியே வந்தது. பாயிஸுக்கும் றோய்க்கும் அனோஜனுக்கும் புரியாணிக்காரனுக்கும் தனித்தனியாகப் பேச்சுக் கொடுத்தாள். கேட்க ஒருவரும் இல்லை.

கோயிலடியில் இரண்டு பெடியன்கள் மோட்டார் சைக்கிள்களோடு நின்றார்கள். வீபூதி பூசிக்கொண்டு, தொலைபேசியை முன்னால் பூட்டி, பாலத்துப் பக்கமாக வண்டியை எடுத்தார்கள். சோழகம் முதுகில் பிடித்துத் தள்ள, இரண்டு பேரும் அம்பு மாதிரிப் போனார்கள். பாலத்தடியில் திரும்பி, மெல்ல உருட்டிக்கொண்டு கோயிலடிக்கு வந்தார்கள்.

றிஸ்னா ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்தினாள்.

திரும்பவும் எடுத்தார்கள். திரும்பவும் பாலத்துப் பக்கம். திரும்பி வரும்போது மெல்ல. ஏன் என்பது அவளுக்கு உடனே விளங்கியது. மற்றப் பக்கத்திலிருந்து அடித்துக்கொண்டு வந்தால் கோயிலுக்கு முன்னால் நூற்றிருபதில் வந்து சேர வேண்டியிருக்கும். அதை இந்த ஊரில் பிறந்த ஒருத்தனும் செய்ய மாட்டான். ஆகவே எல்லோரும் கோயிலில் நின்று, கோயிலிலிருந்து தொடங்கி, ஒரே பக்கமாகவே ஓடிப் பார்க்கிறார்கள். எதிர்க்காற்றில் தங்கள் வாகனம் என்ன பாடுபடுகிறது என்று ஒருத்தனுக்கும் தெரியாது. நிற்காமல் போய் நிற்காமல் வருகிற தனக்குத்தான் தெரியும்.

தொலைபேசியை எடுத்து அனோஜனின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மூலையில் சின்ன எழுத்தில் நேரம் இருந்தது. முதல் ஓட்டம் காலை ஐந்து ஐம்பது. அந்த நேரத்தில் வல்லையில் ஒரு புல்கூட அசையாது. இரண்டாம் ஓட்டம் மாலை நாலு நாற்பது.

"நாசமாப்போவாங்கள்" என்றாள் வாய்விட்டு.

வீட்டுக்குப் போகுமட்டும் பொறுக்கவில்லை. அங்கேயே, காற்றுக்கு முதுகைக் கொடுத்து நின்று, அனோஜனுக்கு எடுத்தாள்.

"என்ன அக்கா, மன்னிப்புக் கேட்கவோ?"

"ஓம். நாளைக்குப் பின்னேரம் நாலு மணிக்கு வல்லைக்குக் காரையும் கொண்டு வாரும். எல்லாரும் பார்க்க ஓடுவம். நான் பிழையெண்டால் அதிலை நிண்டு கேட்கிறன். வீடியோவும் எடும்."

அவன் உடனே ஒத்துக்கொண்டான். வீடியோ என்ற சொல்லுக்கு அந்த வயதில் மறுப்பு இல்லை.

அன்று இரவு இதைக் கேட்ட பாயிஸ் தலையைச் சொறிந்தான். "சனிக்கிழமை பலகை ஏறுது. இப்ப போய்ப் பெடியளோடை கொழுவ வேணுமோ?"

"வாறியளோ இல்லையோ?"

"வாறன்."

வியாழக்கிழமை அனோஜன் சொன்ன நேரத்துக்கே வந்து நின்றான். கூட்டாளிகள் ஐந்து பேர் என்று வந்தவர்கள் இப்போது பதினொரு பேர். றிஸ்னா முதலில் கேட்டது பெற்றோலைப் பற்றி.

"என்ன அடிச்சிருக்கிறீர்?"

"தொண்ணூற்றிரண்டு ஒக்டேன். தொண்ணூற்றைஞ்சு எங்கடை பக்கத்திலை முடிஞ்சுது."

"றோய் என்ன சொல்லித் தந்தவர்?"

"தொண்ணூற்றைஞ்சுதான் அடிக்கச் சொன்னவர். இல்லாட்டில் ஒருக்கா ரெண்டுதரம் பரவாயில்லையாம்."

றிஸ்னா அளக்கும் கருவியைக் காரில் செருகினாள். அனோஜன் ஓட்ட, பக்கத்தில் ஒருத்தர்தான் இருக்கலாம். "நீங்கள் ஏறுங்கோ" என்று பாயிஸைப் பார்த்துச் சொன்னாள். அவன் கைப்பட அளந்ததை அவன் மறுக்க முடியாது.

கோயிலிலிருந்து பாலத்துக்கு ஓடினார்கள். மூன்றாம் கியரில் எஞ்சின் அலறியது. திரையில் நூற்றெழுபத்தைந்து. பெடியன்கள் கூவென்று கத்தினார்கள். "அக்கா, மன்னிப்பு!" என்றான் புரியாணிக்காரன், தொலைபேசியை அவள் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு.

"இன்னும் முடியேல்லை. இப்ப பாலத்திலையிருந்து இஞ்சாலை."

அனோஜனின் முகம் மாறியது. "கோயிலுக்கு முன்னாலை அடிச்சுக்கொண்டு வரச் சொல்லுறியளோ? உங்களுக்கு இது விளங்காது அக்கா. நாங்கள் உதிலை நிண்டு போற ஆக்கள்."

"நிண்டு போம். ஆர் வேண்டாமெண்டது? அந்தா அந்த வெள்ளைத் தூணோடை காலை எடும். அதிலையிருந்து கோயிலுக்குக் கால் மைல் கிடக்கு. உருண்டு வந்து, நிண்டு, வீபூதியும் பூசும்."

"அவன் வேதக்காரன் அக்கா!" என்றான் ஒருத்தன்.

"பூசுறவன்தானே."

இந்த முறை சிரிப்பு அனோஜனின் பக்கம் திரும்பியது. சொல்ல வேறு சாட்டு இல்லாமல் காரைத் திருப்பினான்.

திரும்பி வரும் காரின் சத்தமே வேறாக இருந்தது. பார வண்டி இழுக்கும் மாடு மாதிரி. தூணடியில் காலெடுத்து, உருண்டு வந்து நின்றது. திரையில் நூற்றுநாற்பத்தொன்பது.

பாயிஸ் கதவைத் திறந்து மெல்ல இறங்கினான். அவன் திரையைப் பார்க்கவேயில்லை.

"உள்ளுக்கை தட்டுது றிஸ்னா. போத்தலுக்கை கல்லுப் போட்டுக் குலுக்கின மாதிரி. போகேக்கை இல்லை. காத்துக்கு எதிரா வரேக்கை, எஞ்சின் கஷ்டப்பட்டவுடனை தட்டுது."

"தட்டும். பொறியை முந்திப் போடச் சொல்லி எழுதியிருக்கு. அதுக்குத் தொண்ணூற்றைஞ்சு வேணும். இந்தப் பெற்றோல் பொறிக்கு முதலே வெடிக்குது. உப்பிடியே ஓடினால் பிஸ்டன் ஓட்டையாகும்."

அதோடு விடவில்லை. காரின் பழைய கோப்பு அவளிடம் இருந்தது. தெருவோரத்தில் பற்றறிக்கு மின் கொடுத்துக்கொண்டு, லப்டொப்பைத் தன் முக்காட்டால் மணலுக்கு மறைத்து, பதினைந்து நிமிடத்தில் பழைய கோப்பைத் திரும்ப ஏற்றினாள். அதே தெரு, அதே காற்று, அதே ஆட்கள். போகும்போது நூற்றெழுபத்தொன்று, வரும்போது நூற்றுநாற்பத்தைந்து.

ஒரு கடதாசியில் எழுதி, போனதையும் வந்ததையும் கூட்டி இரண்டாகப் பிரித்து எல்லோருக்கும் காட்டினாள். பழைய கோப்பு நூற்றைம்பத்தெட்டு. றோயின் கோப்பு நூற்று அறுபத்திரண்டு.

"நாலு" என்றாள். "மற்றப் பதின்மூண்டும் சோழகம். காத்து விழுந்தால் அதுவும் விழும்."

அப்போதுதான் திரையில் இன்னொன்று அவள் கண்ணில் பட்டது. இரண்டு கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தபோது, பழைய கோட்டில் நாலாயிரம் சுற்றடியில் ஒரு பள்ளம் இருந்தது. றோயின் கோட்டில் அந்தப் பள்ளம் இல்லை. நிரவியிருந்தது. வேறு ஒருவரும் அதைக் காணவில்லை. லப்டொப்பை மூடினால் கதை முடிந்துவிடும். மூடத்தான் கை போனது. ஒரு மாதமாக வாசித்த அத்தனை சிரிப்பும் மூடு மூடு என்றது.

"இஞ்சை பாரும்" என்றாள், இன்னும் கோபமான குரலில். "நாலாயிரத்திலை எஞ்சின் கொஞ்சம் சோர்ந்துபோறது. றோய் அதை நிரவியிருக்கிறார். அது நல்ல வேலை. ஓட்டேக்கை கால்லை தெரியும். அதாலைதான் உமக்குக் கார் பாயுற மாதிரி இருந்தது. நான் ஒண்டும் வராது எண்டனான். அது பிழை. நாலு வந்தது, பள்ளம் நிரம்பினது. அவ்வளவுதான், பதினேழு இல்லை. வீடியோ எடுத்தனீங்களோ? போடுங்கோ."

ஒருத்தனும் போடவில்லை. தொலைபேசிகள் ஒவ்வொன்றாகச் சட்டைப் பைக்குள் போயின.

"றோயின்ரையைத் திரும்பப் போட்டுத் தாங்கோ" என்றான் அனோஜன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"அந்தப் பெற்றோல் தாங்கிக்குள்ளை கிடக்குமட்டும் நான் போடமாட்டன்."

"என்ரை கார் அக்கா."

"என்ரை கை."

அவன் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனான். கோயிலடியில் நிற்கவும் இல்லை.

திரும்பும்போது பாயிஸ் ஸ்கூட்டியின் பின்னால் இருந்தான். எதிர்க்காற்றில் கத்தித்தான் கதைக்க வேண்டியிருந்தது.

"அந்தச் சத்தம் கேட்டவுடனை எனக்கு விளங்கிட்டுது!"

"என்ன?"

"சத்தம்! கேட்டவுடனை விளங்கிட்டுது எண்டுறன்!"

றிஸ்னா ஸ்கூட்டியைச் சடாரென்று நிறுத்தினாள். பின்னால் வந்த ஓட்டோக்காரன் ஏசிக்கொண்டு விலத்திப் போனான்.

"ஒரு மாசமா நான் வாயாலை சொன்னது விளங்கேல்லை. யப்பான்காரன் எழுதினது, காத்து, பொறி எல்லாம் சொன்னனான். விளங்கேல்லை. எஞ்சின் டக் டக் எண்டவுடனை விளங்கிட்டுதோ? அப்ப நானும் இனி டக் டக் எண்டே கதைக்கிறன்."

"அப்பிடி இல்லை றிஸ்னா…"

"எப்பிடி? சொல்லுங்கோ பாப்பம்."

அவன் இடது கையால் இருக்கையின் பின்பிடியைப் பிடித்துக்கொண்டான். அன்று பின்னேரமும் அவள் அவனுடைய கையைப் பிடித்துவிட்டாள். ஒரு நாள் விட்டால் விரல் இறுகிவிடும். கோபத்துக்கும் விரலுக்கும் தொடர்பில்லை. ஆனால் முழு நேரமும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்குச் சின்ன லொறியில் பலகையோடு றோய் வந்தான். கறுப்பில் மஞ்சள் எழுத்து. றோயின் பெயர் ஒரு முழம், பாயிஸின் பெயர் ஒரு சாண். ஏணியும் கொண்டுவந்திருந்தான்.

"அண்ணை, எந்தப் பக்கத்தாலை ஏத்துவம்?"

பாயிஸ் றிஸ்னாவைப் பார்த்தான். அவள் ஒரு வானின் முன்பலகைக்குக் கீழே தலையை விட்டுக்கொண்டு வயர் தேடினாள். "என்னைப் பாராதேங்கோ" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஓம் எண்டது நீங்கள். சொல்லுறதை நீங்களே சொல்லுங்கோ."

பாயிஸ் தொண்டையைச் செருமினான். "றோய் தம்பி, பலகை வேண்டாம். கொண்டு போம்."

"ஏன் அண்ணை? வல்லையிலை நடந்ததைக் கேள்விப்பட்டனான். அதுக்கே?"

"எஞ்சின் தட்டுது தம்பி."

"தொண்ணூற்றைஞ்சு அடிக்கச் சொல்லித்தானே குடுத்தனான்."

றிஸ்னா தலையை வெளியே எடுத்தாள். நெற்றியில் கறுப்பு.

"ஒருக்கா ரெண்டுதரம் பரவாயில்லை எண்டும் சொன்னனீர். இஞ்சை தொண்ணூற்றைஞ்சு எப்ப கிடைக்கும், எப்ப முடியும் எண்டு உமக்குத் தெரியாதோ? அதை விடும். முதலாவதைக் காலமை அளந்து ரெண்டாவதைப் பின்னேரம் அளந்தது ஏன்?"

"பெடியன் வேலையாலை வரப் பின்னேரமாப் போச்சு அக்கா. நான் பொய் எழுதேல்லை. காட்டினதைத்தான் எழுதினன்."

"சோழகம் எண்டு தெரியாதோ?"

றோய் சிரித்தான். "தெரியும். ஆர் கேட்டவை? அக்கா, உங்களுக்கும் எனக்கும் ஒரே விசயம்தான் தெரியும். டர்போ இல்லாத எஞ்சினிலை மூண்டோ நாலோதான் வரும். நாலு எண்டு சொன்னால் ஆர் வருவினம்? பெடியளுக்குச் சந்தோசம் வேணும். குடுத்தன்."

அவன் அறியாமல் செய்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அறிந்துகொண்டு செய்துவிட்டு அதைச் சிரித்துக்கொண்டு சொல்கிறான்.

"அந்தப் பள்ளத்தை நிரவினனீரே" என்றாள். "அது கைகாரன் செய்யிற வேலை. அதைச் சொல்லியே ஆக்களைப் பிடிச்சிருக்கலாம். அது தெரிஞ்ச ஆள் இந்தக் களவைச் செய்யிறீர். தெரியாதவன் செய்தால் நான் ஏசமாட்டன். ஏணியை எடும். வான்காரன் பத்து மணிக்கு வருவான், வழி வேணும்."

றோய் பலகையை ஏற்றிக்கொண்டு போனான். பாயிஸ் லொறி திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றான்.

"நாலுக்கு ஒருத்தரும் வராயினம் எண்டது உண்மைதானே" என்றான்.

"உண்மை. வராட்டில் விடட்டும். வான் திருத்துவம்."

அடுத்த கிழமை இரண்டு பேர் தொலைபேசி எடுத்தார்கள். "எத்தினை குதிரை ஏத்துவியள்?" என்று கேட்டார்கள். "நாலு" என்றாள். இரண்டு பேரும் வைத்துவிட்டார்கள்.

மூன்றாவதாக அனோஜன் வந்தான். மத்தியான வெயிலில், தனியாக, கூட்டாளிகள் ஒருத்தரும் இல்லாமல். காரை வாசலில் விட்டுவிட்டு நின்றான். அவள் கையிலிருந்த வேலையை முடித்து, கை கழுவி வருமட்டும் அரை மணி நேரம் நின்றான்.

"அக்கா, பழைய கோப்போடை ஓடேக்கை அந்தப் பள்ளம் இப்ப நல்லாத் தெரியுது. முந்தித் தெரியேல்லை. அதை மட்டும் நிரவித் தாங்கோ. பொறியைத் தொண்ணூற்றிரண்டுக்கு ஏத்த மாதிரி வையுங்கோ. ஏலுமோ?"

"ஏலும். குதிரை நாலும் வராது. ரெண்டு வரும். தட்டாது."

"பரவாயில்லை."

"முகநூலிலை போட்டது அப்பிடியே கிடக்கு."

அவன் காலால் மணலைக் கிளறினான். "அழிச்சால் தோத்த மாதிரி இருக்கும் அக்கா."

"அழிக்கச் சொல்லேல்லை. கிடக்கட்டும். கீழை எழுதும், ரெண்டு பக்கமும் ஓடிப் பார்த்தது, நாலு எண்டு. அக்கா சொன்னதும் பிழை எண்டு எழுதும், அதுவும் உண்மை."

"நாலு எண்டால் சிரிப்பாங்கள்."

"என்னைப் பார்த்து ஒரு மாசம் சிரிச்சவங்கள். நான் சாகேல்லை."

அவன் வாசலில் குந்தியிருந்து எழுதினான். எழுதி முடித்து அனுப்பிய கையோடு தொலைபேசி கிணுகிணுக்கத் தொடங்கியது. ஒவ்வொரு கிணுகிணுப்புக்கும் அவன் முகம் சுருங்கியது. றிஸ்னா ஒரு சொல்லும் ஆறுதலாகச் சொல்லவில்லை. காரின் மூடியைத் திறந்து, பற்றறிக்கு மின் கொடுத்து, லப்டொப்பைத் திறந்தாள்.

பாயிஸ் பக்கத்தில் வந்து நின்றான். "இன்னும் கோவமோ?" என்று மெல்லிய குரலில் கேட்டான்.

"ஓம்" என்றாள். "இந்த வயரைப் பிடியுங்கோ. ஆட்டாதேங்கோ."